36 புள்ளி ஞாயிறு

எங்கள் கோல்ஃப் குழுவுக்கென்று சொந்தமாக ஒரு குழிகூடக் கிடையாது. கட்டடமும் இல்லை, வாசலில் பெயர்ப்பலகையும் இல்லை. இருப்பதெல்லாம் ஒரு வங்கிக் கணக்கு, கோப்பைகளும் பரிசுப் பந்துகளும் போட்டு வைத்த ஒரு பிளாஸ்டிக் பெட்டி, ஓர் உறுப்பினர் பட்டியல். மெல்பர்ன் நகரத்துப் பொது மைதானங்களில் முன்கூட்டியே நேரம் பதிவுசெய்து, இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு காலை கூடி ஆடுகிறோம். ஆஸ்திரேலியாவில் இதை சோஷியல் கோல்ஃப் கிளப் என்பார்கள். ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களோ, மாலை நேரம் ஒரே மதுக்கடையில் சந்தித்துக்கொள்பவர்களோ சேர்ந்து தொடங்கிய குழுக்கள் இங்கே நிறைய. எங்களுடையது ஒரு பேருந்துப் பணிமனையில் தொடங்கியது. இன்று ஓட்டுநர்கள் சிலர்தான் மிச்சம். மின்பணியாளர், பள்ளி ஆசிரியை, ஓய்வுபெற்ற தச்சர், வரிக்கணக்கு பார்ப்பவர், முதியோர் இல்லத்தில் தாதியாக இருக்கும் நான் என்று பலரும் வந்து சேர்ந்துவிட்டோம்.

இந்தக் குழுவின் ஹேண்டிகேப் கணக்கை எழுதுவது என் பொறுப்பு. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததும் அந்தக் கணக்குக்காகத்தான். கோல்ஃப் என்றதும் நம்மவர்கள் பணக்காரர் சமாசாரம் என்று தள்ளி வைத்துவிடுகிறார்கள். ஆனால் 79 வயதுப் பெரியவரும் 26 வயது இளைஞனும் ஒரே போட்டியில் நேருக்கு நேர் நின்று, கடைசிக் குழிவரை யார் வெல்வார் என்று சொல்ல முடியாதபடி ஆடுகிற வேறொரு விளையாட்டை நான் பார்த்ததில்லை. யாரும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. கணக்கு அப்படி அமைந்திருக்கிறது.

முதலில் ஆட்டம். மொத்தம் 18 குழிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு 'பார்' உண்டு. தேர்ந்த ஆட்டக்காரர் 'டீ' எனப்படும் தொடக்க இடத்திலிருந்து பந்தைக் குழிக்குள் சேர்க்க எத்தனை அடி அடிப்பார் என்பதே அது. தூரத்தைப் பொறுத்து 3, 4 அல்லது 5. எல்லாம் கூட்டினால் பல மைதானங்களில் 72 வரும். தொலைக்காட்சியில் நாம் பார்ப்பவர்கள் அதற்குக் கீழே முடிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆடுகிற சாதாரண மனிதருக்கு 95 ஆகும், 105 ஆகும், காற்றடித்தால் 120கூட ஆகும். குறைந்த அடியில் முடித்தவருக்கே பரிசு என்று வைத்தால், எங்கள் குழுவில் ஒவ்வொரு முறையும் அதே இரண்டு மூன்று பேர் வாங்கிக்கொண்டு போவார்கள். மற்றவர்கள் ஒருசில மாதத்தில் வருவதை நிறுத்திவிடுவார்கள்.

இதற்குத்தான் ஹேண்டிகேப். ஒருவர் வழக்கமாக ஆடுவது பாரைவிட எத்தனை அடி கூடுதலாக இருக்கிறதோ, ஏறக்குறைய அத்தனை அடியை அவருக்குச் சலுகையாகக் கொடுத்துவிடுவது. அந்தச் சலுகையை எந்தக் குழிகளில் எடுத்துக்கொள்வது என்பதும் ஸ்கோர்கார்டிலேயே அச்சாகியிருக்கும். மைதானத்தில் கடினமான குழிக்கு இன்டெக்ஸ் 1, எளிதானதற்கு 18. ஹேண்டிகேப் 11 உள்ளவருக்கு இன்டெக்ஸ் 1 முதல் 11 வரையுள்ள குழிகளில் தலா ஓர் அடி கிடைக்கும். 27 உள்ளவருக்கு எல்லாக் குழியிலும் ஒன்று, கடினமான முதல் 9 குழிகளில் இன்னொன்று.

எங்கள் குழுவில் 11 வைத்திருந்தவன் யாழ்ப்பாணக் குடும்பத்துப் பையன், மின்பணி செய்கிறவன். பந்தை 230 மீட்டர் அடிப்பான், எந்தத் திசையில் என்பது அன்றன்று தெரியும். 27 வைத்திருந்தவர் கிரேக்கத்திலிருந்து இளவயதில் வந்து பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற பெரியவர். 140 மீட்டருக்கு மேல் அவர் பந்து போகாது; ஆனால் கோடு போட்டதுபோல் நேரே போகும். இன்டெக்ஸ் 5 என்று குறித்த ஒரு பார் 4 குழியை எடுத்துக்கொள்ளுங்கள். பையன் 5 அடியில் முடிக்கிறான், சலுகை ஒன்று, கணக்கில் 4. பெரியவர் 6 அடியில் முடிக்கிறார், சலுகை இரண்டு, கணக்கில் அவருக்கும் 4. அடுத்தது இன்டெக்ஸ் 16 உள்ள சின்ன பார் 3. பையனுக்கு இங்கே சலுகை கிடையாது, பெரியவருக்கு ஒன்று உண்டு. பையன் 3 அடித்தாலும் பெரியவர் 4 அடித்தாலும் சமம். பெரியவர் 3 அடித்துவிட்டால் அந்தக் குழி அவருடையது.

அடிகளை இப்படிக் கழித்த பிறகு அவற்றைப் புள்ளிகளாக மாற்றுகிறோம். கழித்து வந்த எண் பாருக்குச் சமமானால் 2 புள்ளி. ஒன்று கூடினால் 1. ஒன்று குறைந்தால் 3, இரண்டு குறைந்தால் 4. பாரைவிட இரண்டோ அதற்கு மேலோ கூடிவிட்டால் புள்ளி இல்லை. 18 குழியிலும் இரண்டிரண்டாக எடுத்தால் 36. தன் திறமைக்கு ஏற்ற ஆட்டத்தை அன்று ஒருவர் ஆடினார் என்பதற்கு அந்த 36 தான் அடையாளம். சனிக்கிழமை இரவே எங்கள் ஆட்கள் ஒருவருக்கொருவர் வாழ்த்திக்கொள்வதுகூட "நாளைக்கு 36 எடு" என்றுதான்.

இந்த முறைக்கு ஸ்டேபிள்ஃபோர்ட் என்று பெயர். கண்டுபிடித்த ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்ட் ஓர் அறுவை மருத்துவர். 1870 முதல் 1959 வரை வாழ்ந்தவர். 1898இல் வேல்ஸின் பெனார்த் ஊரிலுள்ள கிளாமார்கன்ஷைர் கோல்ஃப் கிளப்பில் இதன் முதல் வடிவத்தைச் சோதித்துப் பார்த்தார். அது அப்படியே கிடந்தது. பிறகு லிவர்பூலுக்கு அருகே கடற்காற்று சுழன்றடிக்கும் வாலசி மைதானத்தில் 1932 மே 16 அன்று இன்றைய வடிவில் ஆடிப் பார்த்தார்கள். அங்கிருந்து அது உலகமெங்கும் பரவியது. இன்று ஆஸ்திரேலியாவில் வார இறுதிப் போட்டி என்றாலே பெரும்பாலும் ஸ்டேபிள்ஃபோர்ட்தான்.

இதை ஒரு மருத்துவர் யோசித்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். மொத்த அடிகளை எண்ணுகிற பழைய முறையில், ஒரே ஒரு குழியில் பந்து மணலுக்குள் சிக்கி 11 அடி ஆகிவிட்டால் அந்தக் காலைப்பொழுதே போய்விடும். மீதிக் குழிகளில் எவ்வளவு நன்றாக ஆடினாலும் அந்த 11 கூடவே வரும். ஸ்டேபிள்ஃபோர்டில் அப்படி இல்லை. இனி புள்ளி கிடைக்காது என்று தெரிந்ததும் பந்தைக் கையில் எடுத்துக்கொள்ளலாம். கார்டில் ஒரு கோடு. அடுத்த டீயில் எல்லோரோடும் சமமாக நிற்கலாம். பின்னால் வரும் நால்வருக்கும் காத்திருப்பு மிச்சம்.

எங்கள் ஞாயிறு ஏழு மணிக்குத் தொடங்கிவிடும். யார் யாரோடு ஆடுவது என்று முதல் நாளே சீட்டெடுத்து வைத்திருப்போம். நான்கு நான்கு பேராக, எட்டு நிமிட இடைவெளியில் ஒவ்வொரு அணியும் புறப்படும். கணவன் மனைவியையோ நெருங்கிய கூட்டாளிகளையோ சேர்த்துப் போடக் கேட்டால் செயலாளர் மறுத்துவிடுவார். அதில் அவர் உறுதியானவர். நான்கு மணி நேரத்துக்கு மேல் ஒருவரோடு நடந்தால் அவரைப் பற்றிக் கொஞ்சமாவது தெரிந்துவிடும். தச்சருக்குப் பேரப்பிள்ளை பிறந்ததும், ஆசிரியையின் தாய்க்கு மறதி நோய் தொடங்கியதும், இன்னொருவருக்கு வேலை போனதும் எனக்கு டீக்கும் குழிக்கும் இடையிலுள்ள ஏதோ ஒரு புல்வெளியின் நடுவில்தான் தெரியவந்தது.

புறப்படும் முன் கார்டுகளை மாற்றிக்கொள்வோம். உங்கள் அடிகளை எழுதுவது நீங்கள் அல்ல. கூட ஆடுபவர் எழுதுவார், நீங்கள் அவருடையதை எழுதுவீர்கள். முடிவில் இருவரும் கையெழுத்திட வேண்டும். ஒவ்வொருவர் தள்ளுவண்டியிலும் ஒரு மணல் வாளி தொங்கும். அடிக்கும்போது பெயர்ந்துபோன புல்லின் இடத்தில் மணலைக் கொட்டிக் காலால் அமுக்கிவிட்டுப் போவது ஆஸ்திரேலிய மைதானங்களின் பழக்கம். காணாமல் போன பந்தைத் தேட 3 நிமிடம்தான். 2019க்கு முன் 5 நிமிடம் இருந்தது. இங்கே அண்டங்காக்கைகள் பந்தை முட்டை என்று நினைத்தோ என்னவோ தூக்கிக்கொண்டு பறந்துவிடும். கூட இருந்தவர்கள் கண்ணால் பார்த்திருந்தால், தண்டனை இல்லாமல் பந்து கிடந்த இடத்திலேயே வேறொன்றை வைத்து ஆடலாம் என்று விதி இருக்கிறது. வசந்தகாலத்தில், செப்டம்பர் வாக்கில், மேக்பை பறவைகள் கூட்டைக் காக்கத் தலைக்கு மேல் பாய்ந்து வரும். தொப்பியைக் கழற்றவே கூடாது.

பார் 3 குழிகள் ஒன்றிரண்டில், குழியைச் சுற்றிய பச்சைப் பரப்பான கிரீனில் ஒரு சின்னக் கம்பமும் அதில் ஒரு தாளும் இருக்கும். முதல் அடியிலேயே பந்தைக் குழியில் நிற்கும் கொடிக்கு மிக அருகில் நிறுத்தியவர் தன் பெயரை எழுதிக் கம்பத்தைப் பந்து இருந்த இடத்துக்கு நகர்த்துவார். பின்னால் வருபவர் அதைவிட அருகில் போட்டால் அந்தப் பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதுவார். இந்தப் பரிசுக்கு ஹேண்டிகேப் இல்லை. ஒரே ஒரு அடி, யாருக்கும் வாய்க்கலாம். ஆடத் தொடங்கிச் சில மாதமே ஆன பெண்ணொருத்தி அந்தத் தாளில் கடைசிப் பெயராக இருந்த நாளில் அவளுக்கு விழுந்த கைதட்டல் அன்று முதல் பரிசு வாங்கியவருக்குக்கூட விழவில்லை.

ஆட்டம் முடிந்ததும் சாசேஜ் வைத்த ரொட்டி, தேநீர், சிலருக்கு பீர். ஆளுக்கு 10 டாலர் போட்டிக் கட்டணம் கட்டியிருப்போம், அதில்தான் பரிசுகள். முதல் மூவருக்குப் புதுப் பந்துகள், கொடிக்கு அருகில் போட்டவருக்கு ஒரு போத்தல் வைன், குலுக்கலில் விழுந்தவருக்கு இறைச்சித் தட்டு. நான் இறைச்சி சாப்பிடாதவள் என்று தெரிந்த, அந்தத் தட்டைத் தரும் கசாப்புக்காரர் என் பெயர் விழுந்த அன்று, அடுத்த ஆட்டத்துக்கு ஒரு பை நிறையத் தோட்டத்துக் கத்தரிக்காயும் மிளகாயும் கொண்டுவந்து தந்தார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆட்டம் அம்ப்ரோஸ். நால்வரும் அடித்து, அவற்றில் சிறந்த பந்து எங்கே கிடக்கிறதோ அங்கிருந்து நால்வரும் மறுபடி அடிப்பது. புதியவர்களைக் கூட்டிவர அதைவிட நல்ல நாள் இல்லை.

நான் பிறந்தது நுவரெலியாவில். கடல்மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கு மேலே இருக்கும் அந்த நகரத்தின் நடுவில் ஒரு கோல்ஃப் மைதானம் உண்டு; 1889இல் தொடங்கியது. என் தாய்மாமா அங்கே கேடியாக இருந்தவர். தோட்டத்து லயத்திலிருந்து விடியுமுன் நடந்து போய், துரைமார்களின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்க நடப்பார். எந்தக் குச்சியை எடுக்க வேண்டும், பனி விழுந்த காலையில் பந்து எவ்வளவு உருளும், கிரீன் எந்தப் பக்கம் சரிகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பெரிய மனிதர்கள் அவரைக் கேட்டுத்தான் அடிப்பார்கள். ஒரு கார்டில்கூட அவர் பெயர் ஏறியதில்லை. நான் மெல்பர்னில் ஆடத் தொடங்கிவிட்டேன் என்று தொலைபேசியில் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி: "கார்டுல ஒம்பேர எழுதுறாங்களா?" எழுதுகிறார்கள் மாமா என்றேன். மட்டையைப் பிடிக்கும் கையை இறுக்காதே என்று அன்று அவர் சொன்ன பாடத்தை இன்றும் ஒவ்வொரு டீயிலும் நினைத்துக்கொள்கிறேன்.

கார்டில் என் பெயர் ஏறுவதற்கு இங்கே வழி செய்து கொடுத்தவை பொது மைதானங்கள். பிரிட்டிஷ் ஓப்பனை 1954, 1955, 1956, 1958, 1965 என ஐந்து முறை வென்ற பீட்டர் தாம்சன், மிருகக்காட்சிசாலைக்குப் பக்கத்தில் டிராம் ஓசை கேட்கும் ராயல் பார்க் 9 குழி மைதானத்தில் ஆடிப் பழகிய சிறுவன். 1964இல் இந்திய ஓப்பன் தொடங்கியபோது அதை முதலில் வென்றவரும் அவரே. யாரா நதிக்கரையில் பழந்தின்னி வௌவால்கள் ஆயிரக்கணக்கில் தொங்கும் யாரா பெண்ட், கார்ப் பந்தயம் நடக்கும் ஏரிக்கு எதிரே ஆல்பர்ட் பார்க், தெற்கே சாண்ட்ரிங்கம் எல்லாம் எங்களுக்கு வீடு மாதிரி. சாண்ட்ரிங்கமுக்குச் சாலையைத் தாண்டினால் ராயல் மெல்பர்ன். 1926இல் அலிஸ்டர் மெக்கன்சி வந்து வடிவமைத்துக் கொடுத்த அதன் மேற்கு மைதானம் உலகின் தலைசிறந்தவற்றுள் ஒன்று. அவரும் மருத்துவம் படித்து, ஸ்டேபிள்ஃபோர்டைப் போலவே தென்னாப்பிரிக்கப் போரில் பணிசெய்தவர். வேலிக்கு அந்தப் பக்கமும் அதே மணல்நிலம், அதே காற்று. இந்தப் பக்கம் யாரும் பணம் கட்டி உள்ளே வரலாம்.

இந்த மைதானங்கள் எப்போதும் இருக்கும் என்று சொல்ல முடியாது. எல்ஸ்டர்ன்விக்கில் இருந்த 9 குழி மைதானம் 2018இல் மூடப்பட்டு இப்போது இயற்கைப் பூங்கா ஆகிவிட்டது. கொரோனா ஊரடங்கில் கோல்ஃப் தடைப்பட்டிருந்தபோது நார்த்கோட் மைதானத்துக்குள் அக்கம்பக்கத்தார் நடக்கப் புகுந்தார்கள். குழந்தைகள் ஓடி விளையாடினார்கள். அதன்பின் அந்த நிலம் யாருக்கு என்ற பேச்சு நகரசபையில் நெடுநாள் நடந்தது. நடப்பவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. மரமும் புல்லும் எல்லோருக்கும் வேண்டியவை. ஆனால் பொது மைதானம் மூடினால் பணக்காரர் ஆட்டம் நிற்காது. அவர்களுக்கு வேலி போட்ட சொந்த மைதானங்கள் இருக்கின்றன. நிற்பது எங்களைப் போன்றவர்களின் ஆட்டம்தான். நகரசபைகள் இதை மறக்கக் கூடாது என்று கூட்டம் நடக்கும்போதெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்.

ஹேண்டிகேப் கணக்குக்கு வருகிறேன். முதல் பரிசு வாங்கியவருக்கு 2 அடி உடனே குறையும். இரண்டாமவருக்கு 1. 30 புள்ளிக்குக் கீழே எடுத்தவருக்கு ஒன்று கூடும். புதியவர் மூன்று கார்டு கொடுத்த பிறகுதான் பரிசுக்கு உரியவர். இது எங்கள் குழுவின் விதி. பல சமூகக் குழுக்களில் இதையொட்டி ஏதோ ஒன்று இருக்கும். இருக்க வேண்டியதைவிட ஹேண்டிகேப்பைக் கூடுதலாக வைத்துக்கொண்டு பரிசை அள்ளுகிறவரை இங்கே 'பர்க்ளர்' என்பார்கள். திருடன் என்று முகத்துக்கு நேரே சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள், ஆனாலும் அந்தப் பெயர் தன்மேல் நிலைத்துவிட யாரும் விரும்பமாட்டார்கள். வென்ற மறுநொடியே குறைத்துவிடுவதால் யாரும் நெடுநாள் முதலிடத்தில் உட்கார முடியாது.

பெரியவரும் பையனும் ஒருமுறை இருவருமே 38 புள்ளியில் முடித்தார்கள். சமநிலை வந்தால் கடைசி 9 குழிகளைப் பார்ப்போம். பெரியவருக்கு 20, பையனுக்கு 19. கோப்பை பெரியவருக்கு. நான் ஹேண்டிகேப் நோட்டைத் திறந்ததும் பையன் வந்து பக்கத்தில் நின்றான்.

"நான் வெல்லேல்லையே அன்ரி, எனக்கும் ஏன் ஒண்டைக் குறைச்சனீங்கள்?"

"ரெண்டாவதா வந்தாலும் ஒண்ணு கொறையும் தம்பி. அதான் இங்க சட்டம்."

"அப்ப அவருக்கு?"

"அவருக்கு ரெண்டு. 27 இப்ப 25."

அவன் அதை மனதில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையசைத்தான். பிறகு பெரியவரின் தள்ளுவண்டியை மடித்து அவர் காரில் ஏற்றக் கிளம்பினான்.

இந்த நோட்டைப் புரட்டினால் நோயாளியின் கட்டிலடியில் தொங்கும் காய்ச்சல் அட்டையைப் படிப்பதுபோல் இருக்கும். யாருக்குத் தோள் வலி தொடங்கியது, யார் இரவு வேலைக்கு மாறினார், யாருக்குத் தூக்கம் கெட்டது எல்லாம் எண்களில் தெரியும். எங்களில் ஒருவர் 14இல் ஆடியவர். பக்கவாதம் வந்து இடக்கை தளர்ந்துவிட்டது. அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது, பழைய 14ஐ அப்படியே வைத்துக்கொள்கிறேன், அனுதாபம் வேண்டாம் என்றார். இது அனுதாபமில்லை, மூன்று கார்டு ஆடுங்கள், கணக்கு சொல்லட்டும் என்றேன். கணக்கு 36 என்றது. அந்த 36ஐ வைத்துக்கொண்டு அவர் ஓர் இலையுதிர்கால ஞாயிறு 37 புள்ளி எடுத்து மூன்றாவதாக வந்தார். அன்று அவருக்கு முன்னால் வந்தவர்களும் பின்னால் வந்தவர்களும் தங்களால் முடிந்தவரை ஆடியிருந்தார்கள். பரிசாகக் கிடைத்த பந்துகளை அவர் பையில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

சென்ற ஆண்டுக் கூட்டத்தில் இந்த நோட்டையே கைவிடலாமா என்று ஒரு தீர்மானம் வந்தது. 2020 முதல் உலகம் முழுவதற்கும் ஒரே ஹேண்டிகேப் முறை நடைமுறையில் இருக்கிறது. கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த 8ஐ எடுத்துச் சராசரி பார்ப்பார்கள். அதிகபட்சம் 54. மைதானத்தின் கடினத்துக்கும் 55 முதல் 155 வரை ஓர் எண் உண்டு; நடுத்தரமானது 113. நன்கு யோசித்துச் செய்த முறை. எந்த நாட்டுக்கும் அந்த எண்ணோடு போய் அங்குள்ளவரோடு ஆடலாம். ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆடுகிற எங்களுக்கு 20 கார்டு சேர முக்கால் வருடம் போய்விடும். நோயிலிருந்து எழுந்து வந்தவர் தன் பழைய எண்ணிலிருந்து முழுதாக விடுபட அத்தனை நாள் காத்திருக்க வேண்டும். நம் நோட்டு மூன்றே கார்டில் அதைச் செய்துவிடுகிறது என்று எழுந்து பேசினேன். இரண்டு பக்கமும் சூடாகவே பேசினார்கள். கையுயர்த்தச் சொன்னபோது பெரும்பான்மை நோட்டுக்கு வந்தது. விரும்புகிறவர்கள் உலக முறையிலும் எண் வாங்கி வைத்துக்கொள்ளலாம், எங்கள் கோப்பைகளுக்கு எங்கள் கணக்கே என்று முடிவாயிற்று.

அடுத்த ஆட்டம் சாண்ட்ரிங்கமில். முதல் அணி 7:12க்குப் புறப்படுகிறது. சீட்டில் பையனும் பெரியவரும் ஒரே அணியில் விழுந்திருக்கிறார்கள், ஒருவர் 10, மற்றவர் 25.